பாட்டின் பலனும் பாடினவன் வாக்கும்
(கைசிக புராண அநுபவம்)

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்லும் பாகவதர்கள் அவசியம் ஸேவிக்க வேண்டிய ஸந்நிதி, ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்கவரம். பல்லவர் காலத்துக் குடைவரையில், பாறையிலேயே வடிக்கப்பட்ட பெரிய திருமேனியோடு ஸ்ரீரங்கநாதன் அங்கே பள்ளிகொண்டருளுகிறான். நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் இது சேராது. ஆயினும் திருவரங்கத்தின் சரித்ரத்தில் செஞ்சிக்கு அழியாத இடம் உண்டு. 1323இல் நேர்ந்த படையெடுப்பில் திருவரங்கத்தை விட்டுப் புறப்பட்ட நம்பெருமாள், பல இடங்களில் மறைந்திருந்து, பின்பு திருமலையில் எழுந்தருளியிருந்தார். விஜயநகரத்தாரின் அதிகாரியாய்ச் செஞ்சியிலிருந்த கோபணார்யர் அவரைத் திருமலையிலிருந்து எழுந்தருளப்பண்ணி, செஞ்சியில் சிலகாலம் ஆராதித்து, 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் ப்ரதிஷ்டிப்பித்தார். திருவரங்கத்துக் கல்வெட்டு ஸ்லோகங்கள் இதைச் சொல்லுகின்றன. நம்பெருமாள் தங்கிய இடத்தைக் கோயிலொழுகு சிங்கபுரம் என்று குறிப்பிடும். அது இந்தச் சிங்கவரமே என்பர் பெரியோர்.

நாற்பத்தெட்டு ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட காலம். அத்தனை காலம் பெருமாளைப் பிரிந்திருந்த திருவரங்கத்தில், அவர் திரும்பி எழுந்தருளினபின் அரையர் ஸேவையும் அருளிச்செயல் கோஷ்டியும் மீண்டும் தழைத்தன. எப்படி? கற்றவர்கள் கற்றதை நெஞ்சிலும் நாவிலும் காத்து, அடுத்தவருக்குச் சொல்லிவைத்ததனாலன்றோ! செஞ்சிக் கோட்டைக்குள்ளே நாயக்கர் காலத்து வேங்கடரமணர் கோயில் இருக்கிறது. கோபுர வாசலில் ராமாயணச் சிற்பங்கள் இன்றும் கண்ணைக் கவரும். ஆனால் செஞ்சியைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் இங்கிருந்து பெயர்த்துச் சென்ற கற்றூண்களைக் காண வேண்டுமானால் புதுச்சேரிக் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். அங்கே காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து அவை நிற்கின்றன. கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகலாம். ஒருவன் கற்ற பாட்டை அப்படிக் கொண்டுபோக முடியுமா? கொண்டுபோகப் பார்த்த ஒருவனைப் பற்றிக் கைசிக புராணம் சொல்லுகிறது. அவன் ஒரு ப்ரஹ்மராக்ஷஸ்.

வராஹ புராணத்திலுள்ள இந்த இதிஹாஸத்தை ஞானப்பிரான் பூமிப்பிராட்டிக்கு உரைப்பதாக ஐதிஹ்யம். பராசர பட்டர் இதற்கு வ்யாக்யானம் அருளிச்செய்தார். கார்த்திகை மாதத்துச் சுக்லபக்ஷ ஏகாதசி இரவில் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே பட்டர் திருவம்சத்தார் இதை இன்றும் வாசிக்கிறார்கள். திருக்குறுங்குடியில் இது நாடகமாகவே நடிக்கப்படுகிறது. கதை நமக்குத் தெரிந்ததே. இசை கற்பவர்கள் அதில் நின்று கவனிக்க வேண்டிய இடங்களை மட்டும் இங்கே அநுபவிப்போம்.

நம்பாடுவான் பாணர் குலத்தவன். கோயிலுக்குள் புகமாட்டாமல் வெளியே நின்று, இரவின் கடைசி யாமத்தில் வீணையும் கையுமாய்த் திருக்குறுங்குடி நம்பியைப் பாடிவந்தான். கேட்பதற்குக் கூட்டம் இல்லை. கொடுப்பதற்கு ஒருவரும் இல்லை. ஒருநாள் இருநாள் அல்ல, பல ஆண்டுகள் இதுவே நியமம். இசையைக் கற்றவனுடைய வாழ்நாள் எப்படி இருக்க வேண்டும் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. அரங்கேறுவதோடு கற்றல் முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் பலர். இவனுக்கோ அரங்கமே கிடையாது; ஆகையால் முடிவும் கிடையாது.

அப்படிச் செல்லும் ஓர் இரவில் ப்ரஹ்மராக்ஷஸ் அவனைப் பிடித்துக்கொண்டது. "என் வ்ரதத்தை முடித்துவிட்டு வருகிறேன், பிறகு உண்ணலாம்" என்றான். யார் நம்புவார்? திரும்பி வாராவிடில் இன்ன பாபம் எனக்கு வருவதாகுக என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பதினெட்டு சபதங்கள் செய்தான். எம்பெருமானோடு மற்ற தேவதைகளை ஒக்க நினைப்பவனுடைய பாபம் எனக்கு ஆகட்டும் என்ற கடைசிச் சொல்லில்தான் ராக்ஷஸ் கைவிட்டது. போய்ப் பாடினான். அன்றைய பாட்டு முந்தைய நாட்களின் பாட்டுக்குச் சற்றும் குறையவில்லை என்றே கொள்ள வேண்டும். விடிந்தால் உயிர் இல்லை என்று தெரிந்தவன் பாடினது அது.

திரும்பும் வழியில் ஒரு பெரியவர் எதிர்ப்பட்டார். வந்தவர் நம்பியே. "உயிரைக் காத்துக்கொள்ளப் பொய் சொல்லலாமே, அங்கே ஏன் போகிறாய்?" என்று கேட்டார். பெரியவர் சொல், கேட்பதற்கும் நியாயமாகவே இருக்கும். இவனோ ஸத்யத்தை விடமாட்டேன் என்று விரைந்து நடந்தான். ராக்ஷஸைவிட இந்தப் பெரியவரைக் கடப்பதே அரிது என்று அடியேனுக்குத் தோன்றும். பயத்தை எதிர்த்து நிற்பவர் உண்டு. தனக்கு அநுகூலமாகச் சொல்லப்படும் நல்வார்த்தையை எதிர்த்து நிற்பவர் எத்தனை பேர்?

ஒரு சிற்றூர்க் கோயில் உத்ஸவத்தில் பாட ஒப்புக்கொண்ட வித்வானுக்கு, அதே நாளில் பட்டணத்துப் பெரிய ஸபையிலிருந்து அழைப்பு வருகிறது. "கிராமத்தார் வேறு ஒருவரை வைத்துக்கொள்வார்கள், வாய்ப்பு மறுபடி வராது" என்று ஹிதம் சொல்ல நல்லவர்கள் பலர் கிடைப்பார்கள். நம்பாடுவான் வாக்குக் கொடுத்தது தன்னைத் தின்னப்போகிறவனுக்கு. நாம் கொடுப்பதோ, நம் வரவை எதிர்பார்த்துப் பந்தலிட்டிருக்கும் பாகவதர்களுக்கு.

அடுத்ததே கதையின் உயிர்நிலை. திரும்பி வந்தவனிடம் ராக்ஷஸ், "இரவு பாடின பாட்டின் பலனைக் கொடு, உன்னை விட்டுவிடுகிறேன்" என்றது. மறுத்தான். ஒரு யாமத்துப் பாட்டின் பலனையாவது கொடு என்றது. அதையும் மறுத்தான். உடலைத் தின்ன வல்ல ராக்ஷஸுக்குப் பாட்டின் பலனைப் பறிக்க வல்லமையில்லை, யாசிக்கத்தான் முடிந்தது. இவன் ஏன் மறுத்தான்? உயிருக்கு விலையாகக் கொடுத்தால் இத்தனை ஆண்டுப் பாட்டும் உயிரைக் காக்கும் உபாயமாகிவிடும். கைங்கர்யமாகத் தொடங்கினது வ்யாபாரமாக முடியும். வேறு ப்ரயோஜனம் கருதாமல் பாடினவனுக்கு அது தன் உயிரைவிட இழிந்த இடம்.

பிறகுதான் ராக்ஷஸ் தன் பூர்வகதையைச் சொல்லிற்று. அது முன் பிறவியில் ஸோமசர்மா என்னும் அந்தணன். மந்த்ரங்களைச் செவ்வனே அறியாமல் யாகம் செய்யத் தொடங்கி, நடுவே மாண்டு, இந்தப் பிறவியை அடைந்தான். ஒலியை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு பெருங்காரியத்தில் இறங்கினவன் ராக்ஷஸானான். ஒலியை வாழ்நாளெல்லாம் பழகினவன் அவனுக்குக் கதியானான். குலம் எங்கே, ஏற்றம் எங்கே என்பதைப் புராணம் வாய்விட்டுச் சொல்லாமலே காட்டிவிடுகிறது. அழுது சரணமடைந்த ராக்ஷஸுக்கு, கைசிகம் என்னும் பண்ணில் பாடின ஒரே பாட்டின் பலனை நம்பாடுவான் கொடுத்தான். விலைக்கு மறுத்ததைக் க்ருபையினால் கொடுத்தான்.

அப்படியானால் பாடுகிறவர் ஸம்பாவனை வாங்கலாகாதா என்று கேட்பார்கள். அப்படிச் சொல்லுவது அடியேனுக்கு உடன்பாடன்று. வித்வானுக்கும் குடும்பம் உண்டு. கோயில்களில் பாடுகிறவர்களுக்கு மரியாதையும் ஜீவனமும் ஏற்படுத்திவைத்தவர்கள் நம் பெரியோர்களே. குறைந்த ஸம்பாவனை என்று பாசுரங்களைக் குறைப்பது, வசதியற்ற சிஷ்யனுக்குப் பாதியை மறைத்துச் சொல்லிவைப்பது, உடன் வாசிப்பவருக்குச் சேர வேண்டியதைத் தாமதிப்பது, இவையே தோஷம். வாங்குவதில் குற்றமில்லை. வாங்குவதைக் கொண்டு பாட்டை அளப்பதில்தான் குற்றம்.

திருவரங்கப்பெருமாள் அரையர் சரித்ரத்தை இங்கே நினைக்க வேண்டும். அவர் காஞ்சியில் பேரருளாளன் திருமுன்பே பாடி அபிநயித்தார். உகந்த பெருமாள் வேண்டியதைக் கேள் என்றான். அரையர் கேட்டது பொன்னன்று, பட்டமன்று; உடையவரைத் திருவரங்கத்துக்குத் தந்தருள வேண்டும் என்று கேட்டார். பாட்டுக்குப் பெற்ற பரிசுகளில் இதற்கு ஈடு ஏது? தனக்கென்று ஒன்றும் கொள்ளாமல் கோஷ்டிக்கெல்லாம் பெற்றுத்தந்தார். அதே அரையரிடம் அர்த்தவிசேஷம் கேட்பதற்காக உடையவர் ஆறு மாதம் பால் காய்ச்சிக் கொடுத்தும், ஆடிக் களைத்த திருமேனிக்கு மஞ்சட்காப்பு அரைத்துக் கொடுத்தும் கைங்கர்யம் செய்தார் என்று குருபரம்பரை கூறும். கணினித் திரையில் வாரம் அரைமணி நேரம் பாசுரம் கற்கும் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும். திரையில் கற்பது குறைவன்று. ஆறு மாதம் காத்திருக்க மனமில்லாததே குறை.

நாதமுனிகள் தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் அருளிச்செயலை இசையோடு கற்பித்தார். அந்த இருவரிடமிருந்து தொடங்கின சங்கிலியே படையெடுப்பையும் நாற்பத்தெட்டு ஆண்டுப் பிரிவையும் தாண்டி நம் காதுவரை வந்திருக்கிறது. இடையில் பெயர் தெரியாத எத்தனையோ பேர், கேட்பார் இல்லாத யாமங்களில் பாடிப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

ராக்ஷஸுக்குக் கதி கொடுத்த பின்பும் நம்பாடுவான் வீணையைக் கீழே வைக்கவில்லை. எஞ்சிய நாட்களையும் நம்பியைப் பாடியே போக்கி நற்கதி பெற்றான். அவன் வெளியே நின்று தன்னை ஸேவிக்கும்படி நம்பி கொடிமரத்தை விலகச்செய்தான் என்பது ஐதிஹ்யம். திருக்குறுங்குடியில் கொடிமரம் நேரே நில்லாமல் ஒருபுறம் ஒதுங்கி நிற்பதை இன்றும் ஸேவிக்கலாம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்