வால் சின்னத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதே

முக்கொம்பு

அன்புள்ள மகளுக்கு,

"சின்ன கம்பெனியில் ஏடிஆர் துணை விமானி வேலை வந்திருக்கிறது பெரியப்பா, சேரலாமா?" என்று கேட்டிருந்தாய். ஜீயபுரம், ஸ்ரீரங்கம் பக்கத்துப் பிள்ளைகள் வேறு சிலரும் இதையே கேட்டார்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

சேர். ஆனால் ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டுச் சேர்.

ஏடிஆர் என்றால் மட்டம், ஏர்பஸ் என்றால் உசத்தி என்று பயிற்சிப் பள்ளியில் பேசிக்கொள்வார்கள். காதில் வாங்காதே. திருச்சியிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிற அந்தப் புரொபெல்லர் விமானத்தில் ஒரே நாளில் ஐந்தாறு தடவை ஏறி இறங்குவாய். மழை மேகத்துக்கு மேலே ஏறித் தப்பிக்கும் உயரம் அதற்குக் கிடையாது. மேகத்தின் ஊடேதான் வழி தேட வேண்டும். கைப்பழக்கம் அங்கேதான் வரும். நான் வாழ்நாளெல்லாம் அதைத்தான் ஓட்டினேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை சம்பளக் கணக்கில் இருக்கிறது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து, போய் நின்று திரும்பக் கட்டை வைக்கும் நிமிடம் வரை ஓடுவதுதான் உன் மணி. துபாய்க்குப் போகிறவருக்கு ஒரே தடவையில் நாலு மணி நேரம் சேர்ந்துவிடும். உனக்கு முக்கால் மணி, ஒரு மணி என்று துண்டு துண்டாகத்தான் சேரும். நடுவே எரிபொருள் லாரிக்குக் காத்திருந்ததும், சுமைத்தாளைச் சரிபார்த்ததும், பனி விலகட்டும் என்று உட்கார்ந்திருந்ததும் அந்த மணியில் வராது. வேலை கூடுதல், மணி குறைவு. இதை நீ சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்ன கம்பெனியில் ஏன் சம்பளம் குறைவு என்பதற்கு அமெரிக்காவைப் பார். அங்கே பெரிய நிறுவனங்கள் சிறு ஊர்ப் பயணங்களைப் பிராந்திய நிறுவனங்களிடம் குத்தகைக்கு விடுகின்றன. டிக்கெட் விற்பதும் நேர அட்டவணை போடுவதும் பெரிய நிறுவனம். விமானத்தின் வாலில் இருப்பதும் அதன் சின்னம்தான். ஓட்டிக் கொடுக்கிற சிறு நிறுவனத்துக்கு ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று கூலி. எரிபொருள் செலவும் பெரும்பாலும் பெரிய நிறுவனத்தோடு போய்விடுவதால், குத்தகையைப் பிடிக்க மற்ற சிறு நிறுவனங்களோடு போட்டி போடுகிறவன் கை வைக்கக்கூடிய செலவு ஒன்றே ஒன்றுதான். விமானி, பணிப்பெண், மெக்கானிக் ஆகியோரின் சம்பளம். அனுபவம் ஏற ஏறச் சம்பளம் ஏறுகிறதா, குத்தகை இளம் விமானிகளை வைத்திருக்கும் இன்னொரு நிறுவனத்துக்கு மாறிவிடும்.

டெல்டாவின் துணை நிறுவனமான காம்ஏர் விமானிகள் 2001இல் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து நல்ல ஒப்பந்தம் வாங்கினார்கள். காலப்போக்கில் அந்த நிறுவனம் சுருங்கி, 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. டெல்டாவின் சிறு ஊர்ப் பயணங்கள் நிற்கவில்லை, வேறு நிறுவனங்கள் ஓட்டின. அந்த விமானிகள் தோற்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தனியாக ஒரு சிறு நிறுவனத்துக்குள் நின்று போராடினால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை நீ அறிந்திருக்க வேண்டும்.

2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகே விழுந்த விமானத்தின் மேல் கான்டினென்டல் பெயர் இருந்தது. ஓட்டியது கோல்கன் ஏர். தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். கேப்டன் விமானத்தைத் தவறாகக் கையாண்டதையே விசாரணை முதன்மைக் காரணமாகச் சொன்னது. ஆனால் விசாரணை மேடையில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. சியாட்டில் பக்கம் பெற்றோர் வீட்டில் இருந்த துணை விமானி, முந்தின இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் இடம் பிடித்து, நாட்டின் மறு கோடியில் இருக்கும் நியூவர்க் வந்து பணியில் சேர்ந்திருந்தார். அவருடைய சம்பளம் எவ்வளவு சொற்பம் என்பது அன்றைக்கு நாடு முழுக்கப் பேச்சானது. பயணிகள் டிக்கெட் வாங்கியது பெரிய பெயரை நம்பி.

அந்த விபத்துக்குப் பிறகு, 2013இல் துணை விமானிக்கும் 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்ற விதி வந்தது. பின்னர் ஓய்வு பெறுவோரும் கூடினார்கள், ஆள் தட்டுப்பாடு வந்தது. 2022இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்களான என்வாயும் பீட்மான்ட்டும் முதலாண்டுத் துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர் தருவதாக அறிவித்தன. விமானமும் வேலையும் பழையவைதான். அத்தனை வருஷம் கொடுக்க முடியாது என்று சொன்ன பணம் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றும் கோபம் வரும்.

நம் நாட்டுக் கதை கொஞ்சம் வேறு. இங்கே குத்தகை குறைவு, துணை நிறுவனம் அதிகம். 1981இல் வாயுதூத் தொடங்கியது, 1993இல் இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்ந்தது. 1996 முதல் அலையன்ஸ் ஏர் பறக்கிறது. ஏர் இந்தியா குடும்பம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் டாடாவிடம் போயின. அலையன்ஸ் ஏர் அரசிடமே தங்கிவிட்டது. ஒரே குடும்பத்தில் இருந்தவர்களின் வருங்காலம் ஒரே நாளில் இரண்டாகப் பிரிந்தது.

காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இந்த முக்கொம்பு அணை மேல் நின்றால் துணை நிறுவனத்தின் நிலை எனக்கு இன்னும் தெளிவாகப் புரியும். பாசனத்துக்கான தண்ணீர் காவிரிக்கு, மிஞ்சினால்தான் கொள்ளிடத்துக்கு. வெள்ளம் வரும்போது மட்டும் பாரமெல்லாம் கொள்ளிடத்தின் மேல். 2018 ஆகஸ்ட் 22 இரவு மதகுகள் அடித்துக்கொண்டு போனதும் கொள்ளிடப் பக்கம்தான்.

தமிழ்நாட்டிலிருந்தே எழுந்த நிறுவனங்களும் உண்டு. 2005இல் எம்ப்ரேயர் விமானங்களோடு வந்த பாரமவுண்ட் 2010இல் நின்றது. கோவையின் ஏர் கார்னிவல் 2016இல் பறந்து, மறு வருஷமே நின்றது. வெளியே ஐதராபாத்திலிருந்து வந்த ட்ரூஜெட், சிறு ஊர்களுக்கு விமானம் விட அரசு உதவும் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் சென்னை–சேலம் ஓட்டியது. அதுவும் நின்று, 2023 அக்டோபரில்தான் சேலத்துக்கு மறுபடி விமானம் வந்தது. உடானில் அரசு ஈட்டுத்தொகை மூன்று வருஷத்துக்குத்தான். உன்னை எடுக்கும் நிறுவனத்தின் வழித்தடங்களில் எத்தனைக்கு அந்தக் காலம் முடியப்போகிறது என்று கேள். கேட்பதில் தப்பே இல்லை.

இனி உன் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். முதலில் உறுதி மணி நேரத்தைப் பார். பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் என்பது அது. 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமானங்கள் வரிசையாக ரத்தானது நினைவிருக்கும். ஏர் இந்தியாவோடு இணையும்போது 70 மணி என்று இருந்த உறுதி 40 ஆகக் குறைந்ததே அந்தக் கொந்தளிப்புக்குப் பெரிய காரணம். கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கே அந்தக் கதி. மணிக்கு எவ்வளவு என்ற எண்ணைப் பெரிதாகக் காட்டுவார்கள். உறுதி எத்தனை என்பது உள்ளே எங்கோ இருக்கும்.

அடுத்தது பாண்டு. குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சிச் செலவை நிறுவனம் ஏற்று, அதற்கு ஈடாக இத்தனை வருஷம் என்று எழுதி வாங்கினால் அது நியாயம். செலவும் உன்னுடையது, பாண்டும் உன் தலையில் என்றால் எழுந்து வந்துவிடு. வருஷம் கழியக் கழியப் பாண்டுத் தொகையும் குறைய வேண்டும். விலக நினைத்தால் துணை விமானிக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருஷம் முன்னறிவிப்பு என்று விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2017இல் விதித்திருப்பதையும் மறக்காதே. நல்ல வாய்ப்பு ஆறு மாதம் உனக்காகக் காத்திருக்காது. அதனால் உள்ளே போகும் நாளில்தான் உன் பேரத்துக்கு வலு.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் மூன்று மாதம் சம்பளம் வராமலேயே பறந்தோம். வீட்டு வாடகையை எண்ணிக்கொண்டு குறுக்குக் காற்றில் இறங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சம்பளம் தள்ளிப்போனால் முதல் மாதமே எழுத்தில் கேள், தனியாகக் கேட்காதே. களைப்பாக இருக்கிறது என்று சொல்லும் உரிமையை எந்த ரோஸ்டருக்காகவும் விட்டுக்கொடுக்காதே.

அப்பா வாழைக் கொல்லையை அடமானம் வைத்திருப்பதைச் சொன்னாய். கடன் தவணையை மணிக் கணக்கின் மேல் போடாதே, உறுதிச் சம்பளத்தின் மேல் மட்டும் போட்டுப் பார். அதில் அடைபடாது என்றால் வங்கியில் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்டு வாங்கிய பிறகு பதில் எழுது. ஒப்பந்த நகலை எனக்கு அனுப்பு. இணைப்புத் தாள்களையும் சேர்த்து அனுப்பு, விஷயமெல்லாம் அதில்தான் இருக்கும்.

அன்புடன்,
பெரியப்பா