‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களைத் தடுமாற வைப்பவை பெரும்பாலும் நீளமான தொழில்நுட்பச் சொற்கள் அல்ல. ஏற்கெனவே தெரிந்த சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்கள்தான். அவற்றில் முக்கியமானது ‘ரன்’. ஆர், யு, என் என மூன்றே எழுத்துகள். ‘ஓடு’ என்று பள்ளியிலேயே படித்து விட்டோம். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் இந்தச் சொல் வரும்போது ‘ஓடு’ என்ற பொருள் மட்டும் போதாது. தவறான இடத்தில் இதைக் கிளிக் செய்தால் பணமே போகலாம். எனவே இந்த மாதம் இந்த ஒரு சொல்லை மட்டும் பார்ப்போம்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் அதிகப் பொருள்களைக் கொண்ட வினைச்சொல் ‘செட்’. 2011இல் ‘ரன்’ அதை முந்தி விட்டது. வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 645 பொருள்கள் என்று கணக்கிட்டார்கள். இயந்திரங்களும் கம்ப்யூட்டர்களும் வந்த பிறகு இதன் வேலை கூடியதே காரணம்.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சுற்று சுற்றினாலே இதன் பல பொருள்கள் கிடைத்துவிடும்.

* மெட்ரோ ரயில் ‘ரன்’ ஆகிறது: ஓடுகிறது. (இங்குள்ள நிலையத்துக்கு ரயில் வரத் தொடங்கியது 2015 ஜூன் 29 அன்று.)
* அடையாறு ‘ரன்’ ஆகிறது: பாய்கிறது.
* லேத் மெஷின் ‘ரன்’ ஆகிறது: இயங்குகிறது.
* ஒருவர் லேத் பட்டறையை ‘ரன்’ செய்கிறார்: நடத்துகிறார்.
* வீட்டில் பால் ‘ரன் அவுட்’: தீர்ந்து விட்டது.
* சளி பிடித்து மூக்கு ‘ரன்’ ஆகிறது: ஒழுகுகிறது.
* புதுத் துணியைத் துவைத்தால் கலர் ‘ரன்’ ஆகிறது: சாயம் போகிறது.

அமெரிக்காவில் தேர்தலில் போட்டியிடுவதும் ‘ரன்’தான். அவர்கள் தேர்தலில் ஓடுகிறார்கள், நாம் நிற்கிறோம்! இறந்தகாலத்தில் இது ‘ரேன்’ ஆகும். மூன்றாவது வடிவம் மீண்டும் ‘ரன்’.

கம்ப்யூட்டருக்கு வருவோம். ‘இயங்கு’, ‘இயக்கு’ என்ற பொருள்களே இங்கு அடிப்படை. 1964இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் உருவான பேசிக் மொழியிலேயே, எழுதிய புரோகிராமைச் செயல்பட வைக்க ‘ரன்’ என்றுதான் டைப் செய்தார்கள். விண்டோஸில் இதை நீங்கள் சந்திக்கும் இடங்கள் இவை.

1. ரன் பாக்ஸ்: கீபோர்டில் விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ‘ஆர்’ கீயைத் தட்டுங்கள். சிறிய கட்டம் ஒன்று வரும். அதில் கால்குலேட்டரின் முதல் நான்கு எழுத்துகளான சி, ஏ, எல், சி என டைப் செய்து என்டர் தட்டினால் கால்குலேட்டர் திறக்கும். டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என டைப் செய்தால் உங்களிடம் உள்ளது எந்த விண்டோஸ் என்பது தெரியும்.

2. ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’: புரோகிராமின் மீது ரைட் கிளிக் செய்தால் வரும். விண்டோஸின் முக்கியப் பகுதிகளையே மாற்றும் அதிகாரத்தோடு இயக்கு என்று பொருள். வீட்டுச் சாவியைக் கொடுப்பது போன்றது.

3. ‘ரன் எனிவே’: இணையத்தில் இறக்கிய புரோகிராம் நம்பகமானதாகத் தெரியாவிட்டால் விண்டோஸ் தடுக்கும். பரவாயில்லை, இயக்கு என்று நீங்கள் பொறுப்பேற்பதே இது. சந்தேகம் இருந்தால் ‘டோன்ட் ரன்’ என்பதையே கிளிக் செய்யுங்கள்.

4. ‘ரன்னிங் அவுட் ஆஃப் டிஸ்க் ஸ்பேஸ்’: ஹார்ட் டிஸ்க்கில் இடம் தீரப் போகிறது. தேவையற்ற பைல்களை அழித்தால் போதும். கம்ப்யூட்டர் கெட்டு விட்டதாக எண்ண வேண்டாம்.

‘சேவ்’ என்பதற்கும் ‘ரன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மனதில் வையுங்கள். ‘சேவ்’ செய்தால் பைல் டிஸ்க்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். ‘ரன்’ செய்தால் எழுந்து வேலையைத் தொடங்கி விடும். அது என்ன வேலை என்பது, எழுதியவருக்குத்தான் தெரியும்.

இதை வைத்தே ஒரு மோசடி 2024 முதல் உலகெங்கும் பரவி வருகிறது. ஓர் இணையதளம், ‘நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபியுங்கள்’ என்று கேட்கும். கிளிக் செய்தால் மூன்று படிகளைச் சொல்லும்: விண்டோஸ் கீயுடன் ‘ஆர்’, கண்ட்ரோல் கீயுடன் ‘வி’, பிறகு என்டர். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் நீங்கள் கிளிக் செய்தபோதே அந்தத் தளம் ஒரு நீண்ட கட்டளையை கிளிப்போர்டில் காப்பி செய்திருக்கும். முதல் படியில் ரன் பாக்ஸ் திறக்கிறது. இரண்டாவதில் கட்டளை பேஸ்ட் ஆகிறது. மூன்றாவதில் நீங்களே அதை இயக்கி விடுகிறீர்கள். கட்டம் சிறியது என்பதால் கட்டளையின் கடைசிப் பகுதி மட்டுமே கண்ணில் படும். அங்கே ‘நான் ரோபோ அல்ல’ என்ற வாசகத்தை வைத்திருப்பார்கள். இறக்கிய பைலுக்கு வரும் எச்சரிக்கை இதற்குப் பெரும்பாலும் வராது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் களவு போகும்.

நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க எந்த உண்மையான இணையதளமும் உங்களை ரன் பாக்ஸைத் திறக்கச் சொல்லாது. போனில் அழைத்து, ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் அழுத்துங்கள்’ என்பவரும் மோசடிக்காரரே. சந்தேகம் இருந்தால் ரன் பாக்ஸில் பேஸ்ட் செய்யாமல் நோட்பேடில் பேஸ்ட் செய்து பாருங்கள். அங்கே அது வெறும் எழுத்துதான், இயங்காது.

ஏற்கெனவே என்டர் தட்டி விட்டீர்களா? உடனே இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு கம்ப்யூட்டர் அல்லது போனிலிருந்து பாங்க், இமெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பிறகு ஆன்டி வைரஸ் கொண்டு முழுமையாக ஸ்கேன் செய்யுங்கள். பணம் போயிருந்தால் பாங்க்கிற்குத் தெரிவித்து, தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். தாமதிக்காமல் புகார் செய்தால் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அதிகம்.

பயிற்சி: இன்று உங்கள் கம்ப்யூட்டரில் ‘ரன்’ என்ற சொல் வரும் இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ்ப் பொருளை எழுதுங்கள். பொருள் பிடிபடாத இடத்தில் கிளிக் செய்யாதீர்கள்.