தாம்பரத்தில் ஏறினால் போதும்

திருச்சி,
அக்டோபர் 20

அன்புள்ள கயல்,

பொங்கலுக்கு வருகிறீர்கள் என்று உன் அப்பன் சொன்னதிலிருந்து பெரியம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது. பிள்ளை இனியனுக்கு மொட்டையும் காதுகுத்தும் குலதெய்வம் கோயிலில் என்று முடிவு செய்தீர்களே, சந்தோஷம். ஜனவரியில் வருவதும் நல்லது. மே மாதம் பிள்ளையைக் கொண்டுவந்து, பிரகாரக் கல்லில் உள்ளங்கால் வெந்து கதறவிட்டவர்கள் நம் வீட்டிலேயே உண்டு. பெயர் எழுத மாட்டேன்.

என்னென்ன எடுத்து வரவேண்டும் என்று கேட்டிருந்தாய். மூட்டையைக் குறை. டயப்பர், பிஸ்கட், பால் பவுடர் எல்லாம் தில்லைநகரில் கிடைக்கிறது; முதல் இரண்டு நாளுக்கு இருந்தால் போதும். இனியனுக்கு ஓ.சி.ஐ. வந்துவிட்டதா? வரவில்லை என்றால் இ-விசாவுக்கு இப்போதே போடு. மடியில் இருக்கிற பிள்ளைக்கும் தனிப் பாஸ்போர்ட், தனி விசா.

காய்ச்சல் மருந்து மட்டும் அங்கிருந்தே கொண்டு வா. அங்கே நியூஜெர்சியில் பாரசிட்டமால் சிரப் 5 மில்லியில் 160 மில்லிகிராம். இங்கே கடையில் 125, 250 என்று விதவிதமாக இருக்கும். பாட்டில் மாறினால் அளவு மாறும். அவசரத்தில் யாரும் லேபிளைப் பார்ப்பதில்லை. அவன் எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள். டைபாய்டு ஊசியையும் கேள். உங்கள் ஊரில் இரண்டு வயதுக்கு மேல்தான் போடுவார்கள்; இவனுக்குத்தான் இரண்டரை ஆகிவிட்டதே. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் போட்டிருக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டுகிற பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது, உப்பு கூடிப் பிள்ளைக்கு ஆபத்து. கொதித்து ஆறிய தண்ணீர்தான் குடிக்க, பல் தேய்க்கவும் அதுதான். உன் அத்தை கரும்புச் சாற்றை ஒரு வாய் என்று நீட்டுவாள். ‘எனக்கு இஷ்டமில்லை’ என்று சொல்லாதே, கேட்க மாட்டாள். ‘டாக்டர் கூடாது என்றார்’ என்று சொல். டெங்குக் கொசு பகலில் கடிப்பது, அதனால் பகலிலும் முழுக்கைச் சட்டை. மொட்டை அடிக்கும்போது நாவிதர் உன் கண்முன்னால் புது பிளேடைப் பிரிக்கட்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதே.

உன் தம்பி அவனை ஸ்கூட்டர் முன்னால் நிற்க வைத்து ஒரு ரவுண்டு என்பான். விடாதே. நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை இரு சக்கர வண்டியில் ஏற்றினால் கட்டுப்பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று 2022-லேயே விதி போட்டாகிவிட்டது. தெருவில் யாருக்குத் தெரிகிறது?

இவ்வளவும் எழுதியதே அடுத்ததைச் சொல்லத்தான்.

மாப்பிள்ளை மீனம்பாக்கத்திலிருந்து நேராகத் திருச்சிக்கு இன்னோவா பேசியிருப்பதாக அப்பன் சொன்னான். 10-ஆம் தேதி நள்ளிரவு இறங்கி, பெட்டி வந்து சேர்ந்து, வண்டி ஏறும்போது மணி இரண்டாகும். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை தாண்டி நீங்கள் தொழுதூர், பெரம்பலூர் பக்கம் வரும்போது என்ன நேரம் என்று எண்ணிப் பார். ராத்திரி டியூட்டி பார்த்த எவனைக் கேட்டாலும் சொல்வான், கண் தானாகச் சொருகுகிற நேரம் அது. அந்த டிரைவர் பகல் முழுக்க வேறு சவாரி ஓட்டிவிட்டு வந்தவனாக இருப்பான். தூங்கினாயா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

தொழுதூரில் நடந்ததை நான் மறுபடி எழுதப் போவதில்லை. விளக்கில்லாமல் ஓரம் கட்டியிருந்த லாரி. உன் அண்ணனின் புருவத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கும் அந்த ராத்திரி வரத்தான் செய்யும். அன்றைக்கும் கல்யாணத்துக்கு ரயிலில் போகலாம் என்றேன். ‘வேன் என்றால் எல்லோரும் ஒன்றாகப் போகலாம்’ என்றார்கள். எனக்குப் பாஸ் இருந்த காலத்தில்கூட உன் அப்பன் பஸ்ஸில்தான் போவான். ரயில்வேக்காரன் தம்பிக்கு ரயில் ஆகாது!

நான் ரயில் கார்டாக இருந்தவன், என் வண்டியை நானே மெச்சுகிறேன் என்று நினைக்காதே. எஞ்சினில் ஏறுகிறவன் ஊதிக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும். எத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தான் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பக்கத்தில் துணைக்கு ஒருவன். வாடகைக் காரில் இதில் எது இருக்கிறது?

நியூஜெர்சியில் குழந்தை சீட் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூட அவனை நீ காரில் ஏற்ற மாட்டாய். இங்கே 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டம் வந்தது. வாடகை வண்டியில் பின்சீட்டைத் தடவிப் பார், பெல்ட்டின் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். அதைத் தோண்டி எடுக்கச் சொன்னால் டிரைவர் உன்னை ஒரு மாதிரி பார்ப்பான். காரில்தான் வருவது என்றால் சீட்டை அங்கிருந்தே கொண்டு வா, கவரைக் கழற்றி வைக்க முன்கூட்டியே சொல்லிவிடு.

ஆக, இரண்டு வழி. அரைத் தூக்கத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருட்டில் வருவது ஒன்று. இரண்டு ராத்திரி தாம்பரம் சித்தி வீட்டில் தங்கிக் களைப்பாறுவது இன்னொன்று. நேர வித்தியாசத்தில் பிள்ளை எப்படியும் நடுராத்திரி எழுந்து விளையாடக் கூப்பிடுவான், சித்தி இட்லி ஊட்டுவாள். 12-ஆம் தேதி மதியம் தாம்பரத்திலேயே வைகையோ வந்தே பாரத்தோ ஏறினால் பொழுது சாயும்போது திருச்சி. கொள்ளிடம் மணலாகக் கிடக்கும். ஸ்ரீரங்கம் தாண்டினால் காவிரி. மேட்டூரை ஜனவரி 28 வரை திறந்து வைப்பது வழக்கம், தண்ணீர் ஓடும். மலைக்கோட்டையை ஜன்னலிலேயே அவனுக்குக் காட்டிவிடலாம். முடிவு உங்களுடையது, நான் யார் திணிக்க?

ஐந்து வயது ஆகாத பிள்ளைக்கு டிக்கெட் தேவையில்லை. இருந்தாலும் அவனுக்கும் முழு டிக்கெட் எடுத்துவிடுகிறேன், தனி சீட்டு கிடைக்கும். ஏ.சி. பெட்டியில் குளிரும், ஸ்வெட்டர் கைப்பையில் இருக்கட்டும்.

ஏதோ கிழவன் புலம்பியிருக்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. அங்கே தனியாக இருந்துகொண்டு பிள்ளையை நீ வளர்க்கிற நேர்த்தியைப் பெரியம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரிந்ததைவிட உனக்கு நிறையத் தெரியும். மாப்பிள்ளை பொறுப்பானவர், அவரைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்குப் பிடித்த நண்டு இப்போதே சொல்லியாகிவிட்டது. காரில் வந்தாலும், நடந்தே வந்தாலும், எந்நேரமானாலும் வாசல் விளக்கு எரியும். இனியனுக்கு என் முத்தம்.

ஜனவரி 12-ஆம் தேதி வண்டிக்கு முன்பதிவு 60 நாள் முன்னால், நவம்பர் 13 காலை 8 மணிக்குத் திறக்கும். பொங்கல் நேரம், கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். நவம்பர் 12-ஆம் தேதிக்குள் சரி என்று ஒரு வார்த்தை வாட்ஸ்அப்பில் போடு.

அன்புடன்,
பெரியப்பா