நிலையத்தை விட்டுக் கிளம்புமுன்

கேள்வி: ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் விண்கப்பல் விளையாட்டைச் சில காலமாக ஆடி வருகிறேன். இரண்டாம் நிலைப் போர்ப் பணிகளை அதிக சிரமமின்றி முடித்துவிட்டு, மூன்றாம் நிலைக்காக ஆசையோடு வாங்கிய ‘டிரேக்’ கப்பலை வந்த வேகத்திலேயே பறிகொடுத்தேன். மழைக்காலத்தில் சோலைப் பாதையில் மரம் சாய்ந்தால் எங்களூரில் கரண்டும் போகும், நெட்டும் போகும். தோல்விக்கு அதுதான் காரணமா, அல்லது என் ஆயத்தத்தில் குறையா? போருக்கு எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்று விளக்கியருள வேண்டுகிறேன்.
— ஒரு வாசகர், கோவிலூர், வட்டவடை

பதில்: முதலில் இணையத்தைப் பற்றிய உங்கள் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஐஸ்லாந்து தேசத்து ரெய்க்யவிக் நகரைச் சேர்ந்த சி.சி.பி. நிறுவனத்தார் 2003 மே மாதத்தில் வெளியிட்ட இவ்விளையாட்டில், சீனதேசத்தார் நீங்கலாக உலகெங்குமுள்ள ஆட்டக்காரர் அனைவரும் லண்டனிலுள்ள ஒரே சர்வரில் கூடுகின்றனர். அந்தச் சர்வரோ நிகழ்ச்சிகளை விநாடிக்கு ஒரு முறையே கணக்கிட்டு நகர்த்துகிறது. ஆகையால், துப்பாக்கி ஆட்டங்களிற்போல விரல்வேகம் இங்கே வெற்றியை நிர்ணயிப்பதில்லை; உங்கள் கட்டளை லண்டன் போய்ச் சேரச் சற்றே தாமதிப்பதால் மலையூர்க்காரருக்கு யாதொரு நஷ்டமும் இல்லை. இணைப்பு அடியோடு அறுபடுவது வேறு விஷயம். அதற்குப் பின்னர் வருகிறேன்.

இந்த விளையாட்டில் பெரும்பாலான யுத்தங்கள் கப்பல் நிலையத்தை விட்டுக் கிளம்புமுன்பே ஜெயிக்கப்படுகின்றன, அல்லது தோற்கப்படுகின்றன என்பது என் திடமான அபிப்பிராயம். 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்னும் மண்டலத்தில் மூண்டு, ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்து, 75 டைட்டன் கப்பல்களை விழுங்கிய மகாயுத்தமும், மண்டல உரிமைக்கான கட்டணம் உரிய வேளையில் செலுத்தப்படாமற் போனதிலிருந்தே தொடங்கியது என்பதை நினைத்துப் பார்த்தால், சிறிய பணிகளிலும் முன்னேற்பாடு எத்தனை பிரதானமானது என்பது விளங்கும்.

ஏஜெண்ட் பணியை விவரிக்கும்போதே எதிரி இன்னார் என்று தெரிந்துவிடுகிறது. அதைப் படித்தறியாமல் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்துவதே புதியவர் செய்யும் முதற்பிழை. மின்காந்தம், வெப்பம், மோதல், வெடிப்பு என்று சேதம் நால்வகைப்படும். குரிஸ்டாஸ் கூட்டத்தார் மோதலாலும் வெப்பத்தாலும் தாக்குவர், தாமும் மோதலுக்கே எளிதில் பணிவர். சான்ஷா, பிளட் ரெய்டர் ஆகியோர் மின்காந்தத்தாலும் வெப்பத்தாலும் தாக்கி, மின்காந்தத்துக்குப் பணிவர். ஏஞ்சல் கூட்டத்தாரிடம் வெடிப்பே பிரதானம், அவர்களை வீழ்த்துவதும் அதுவே. ஏவுகணைக் கப்பலுக்குச் சேதவகையை நினைத்தபடி மாற்றிக்கொள்ளும் பெரும் சௌகரியம் உண்டு: மோதலுக்கு ஸ்கர்ஜ், வெப்பத்துக்கு இன்ஃபெர்னோ, மின்காந்தத்துக்கு மியோல்நிர், வெடிப்புக்கு நோவா. நான்கையும் கிடங்கில் சேமித்து வைத்து, எதிரிக்கேற்றதைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள்.

பாதுகாப்பும் அவ்வாறே. ஷீல்டு என்பது இயல்பிலேயே மின்காந்தத்துக்கு மிகவும் இளகியது. சான்ஷாவை எதிர்க்கையில் அந்த ஓட்டையை அடைக்கும் கருவி இன்றியமையாதது, ஏஞ்சலை எதிர்க்கையில் அதே கருவி வீண்சுமை. ஆனால் ஒரே குணமுள்ள கருவிகளை அடுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை. இரண்டாவது கருவி தன் பலத்தில் சுமார் 87 விழுக்காடும், மூன்றாவது 57 விழுக்காடும், நான்காவது 28 விழுக்காடுமே தரும். வட்டவடைக் குளிரில் நான்காவது கம்பளி எவ்வளவு சூடு தருமோ, அவ்வளவே. அந்த இடத்தில் வேறொன்றைப் பொருத்துங்கள். விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் பாவனைப் பொருத்துமேடையில் காசு செலவின்றி எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கலாம்.

ஷீல்டும், கப்பலின் மின்சக்திச் சேமிப்பான கெபாசிட்டரும் கால்பங்கு, அதாவது 25 விழுக்காடு, எஞ்சியிருக்கும்போதுதான் மிக வேகமாக நிரம்புகின்றன. அதற்குக் கீழே இறங்கினால் நிரம்பும் வேகமும் குன்றிவிடுமாதலால், அந்த எல்லையைத் தொடுமுன் பின்வாங்குவதே விவேகம். பின்வாங்கிப் பழுது நீக்கி மீண்டும் போவதை ஒருவரும் தோல்வியென்று கருதுவதில்லை. பணி அப்படியே காத்திருக்கும்.

இனி, உங்கள் ஊரின் மின்வெட்டு. இணைப்பு அறுந்தவுடன் உங்கள் கப்பல் தானாகவே போர்க்களத்தை விட்டு வார்ப் பாய்ந்து விலகும். போரிட்ட கணக்கு இருப்பதால் ஐந்து நிமிடம் வரை விண்ணில் நின்று பின் மறையும். ஆனால் வார்ப் பாய்ச்சலை முடக்கும் கருவியோடு எதிரியின் சிறு ஃபிரிகேட் ஒன்று உங்களைப் பற்றிக்கொண்டிருந்தால் கப்பல் விலக முடியாது. கரண்ட் வரும்வரை அடிபட்டே அழியும். உங்கள் டிரேக் அவ்வாறுதான் போயிருக்கும் என்று ஊகிக்கிறேன். எனவே, பெரிய கப்பல்கள் எவ்வளவு கவர்ச்சியாகத் தோன்றினாலும், பற்றிப் பிடிக்கும் ஃபிரிகேட்டுகளை முதலில் ஒழித்துவிடுங்கள். கனரக ஏவுகணை அத்தகைய சிறிய, வேகமான கப்பல்மீது முழுப் பலத்தோடு பாய்வதில்லையாதலால், அந்தக் காரியத்தை டிரேக்கில் கொள்ளும் ஐந்து சிறு டிரோன்களிடம் விட்டுவிடுங்கள். பொருள்களைப் பொறுக்கும் ஆசையை விட்டு, கப்பலின் முகத்தை ஏதேனும் ஒரு நிலையத்தை நோக்கித் திருப்பி ஓடவிட்டபடியே போரிடுவதும் நல்ல பழக்கம்: அத்திசையில் உச்சவேகத்தின் முக்கால் பங்கை எட்டியிருக்கும் கப்பல், கட்டளையிட்ட மாத்திரத்தில் பாய்ந்துவிடும்.

சில பணிகளில், குறிப்பிட்ட ஒரு கப்பல் வீழ்ந்தால்தான் அடுத்த அணி தோன்றும். அது எதுவென்று அறியாமல் சுட்டால் இரண்டு அணிகளையும் ஒருசேரத் தாங்க நேரிடும். 2004 முதல் புதியவர்க்குப் பயிற்சி தந்துவரும் ‘ஈவ் யூனிவர்சிட்டி’ என்னும் ஆட்டக்காரர் சங்கம் பணிகளின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது, புறப்படுமுன் வாசித்துவிடுங்கள். பேரரசுகளின் படையையே சுடச் சொல்லும் பணிகள் அவர்களிடம் உங்கள் மதிப்பைக் குறைக்கும். அத்தகைய பணிகளை மறுத்துவிடலாம்: ஓர் ஏஜெண்டிடம் நான்கு மணி நேரத்துக்கு ஒரு பணியைத் தண்டனையின்றி மறுக்க உரிமையுண்டு.

கப்பலுக்குக் காப்பீடு எடுக்கத் தவறாதீர்கள். அது 12 வாரம் செல்லும். கப்பலின் உடலுக்கு மட்டுமே ஈடு கிடைக்கும், பொருத்திய கருவிகளுக்கில்லை. ஆகவே இன்னொரு டிரேக்கும் அதற்கான கருவிகளும் வாங்கப் பணமிருந்தால் மட்டுமே இந்த டிரேக்கில் ஏறுங்கள். தினந்தோறும் நம் நேரப்படி மாலை 4.30 மணிக்கு சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள்; நீண்ட பணியை நான்கு மணிக்குத் தொடங்க வேண்டாம்.