அந்த 46 பேரைப் பாருங்கள்

தம்பி தங்கைகளே, "எனக்கு நல்லாயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால், சிகிச்சை வேலை செய்தது என்று முடிவு கட்டலாமா? ஓர் ஆய்வை எடுத்துப் பார்ப்போம்.

அமெரிக்காவின் டெக்சாஸில் ஓர் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி உள்ளது. அங்கே முழு மருத்துவப் படிப்போடு, கைகளால் தசையையும் மூட்டையும் அழுத்தி, நீட்டிச் சரிசெய்யும் முறையையும் கற்பிக்கிறார்கள். இந்தக் கைச்சிகிச்சை பற்றிய அதன் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 455 பேர். குலுக்கல் முறையில் பிரித்து, 230 பேருக்கு உண்மையான சிகிச்சை. 225 பேருக்கு அதுபோலவே தோன்றும் போலித் தொடுதல். எட்டு வாரத்தில் ஆறு முறை.

வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தவர்கள், உண்மைச் சிகிச்சையில் நூற்றுக்கு 63 பேர். போலியில் 46 பேர்.

நான் முதலில் பார்ப்பது அந்த 46-ஐத்தான். வலி நாளடைவில் தானாகவும் தணியும். அக்கறையாகத் தொட்டாலே மனசு லேசாகும். போலிக் குழு இல்லையென்றால், 63 பேரும் சிகிச்சையின் கணக்கில் ஏறியிருப்பார்கள். அதன் சொந்தப் பங்கு 17 பேர்தான். சின்ன எண், ஆனால் நம்பலாம். அதே ஆய்வில் சேர்த்துச் சோதித்த அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, போலியைவிட மேலாக இல்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

வாட்ஸ்அப்பில் "ஆயிரம் பேர் குணமானார்கள்" என்று வரும். அதை நம்பிப் பாட்டி மாத்திரையை நிறுத்திவிடலாம். அனுப்புவதற்கு முன் கேளுங்கள்: அதைச் செய்யாதவர்களில் எத்தனை பேருக்குக் குணமாச்சு?