ஜனவரியில் எந்தக் கடல்?

கேள்வி: ஜனவரிக் குளிருக்குத் தப்பி, பிள்ளைகளோடு இலங்கை போக ஆசை. நிலாவெளிக் கடலில் குளிக்கலாமா?
– வாசகி, டொராண்டோ

பதில்: ஊர்ப் பாசம் புரிகிறது. ஆனாலும் ஜனவரியில் நிலாவெளி வேண்டாம். வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருக்காது. அலை முரடாக இருக்கும், அங்கிருந்து புறாமலைத் தீவுக்குப் படகு கிடைப்பதும் நிச்சயமில்லை. அந்தக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் காலம்.

இப்போதைக்குத் தெற்கே இறங்குங்கள். உனவட்டுனவில் கடல் உள்வாங்கி வளைந்திருப்பதால் சின்னப் பிள்ளைகளை நம்பி இறக்கலாம். பக்கத்து மிரிசவில் நீலத் திமிங்கிலம் பார்க்க விடியற்காலையில் படகு கிளம்பும். வாந்தி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள், பாதிப் பேர் திமிங்கிலத்தைப் பார்ப்பதே இல்லை, பையைத்தான் பார்க்கிறார்கள்!

ஒரு வாரம்தான் லீவு என்றால் இலங்கையே வேண்டாம். விமானத்திலேயே நாள் கரைந்துவிடும். டொராண்டோவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய, டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாவே உங்களுக்குச் சரி.