கூலிங் கிளாஸ் பிராண்டு தொடங்கும் தங்கச்சிக்கு அக்காவின் ஃபேக்டரி டிப்ஸ்

தங்கச்சி, பெயர் பதிவாகிவிட்டது, லோகோ ரெடி, இனி ஃபேக்டரிதான் பாக்கி என்றாய். இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதே. விலை கூடிய கூலிங் கிளாஸில் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதா, கீல் எத்தனை வருஷம் தாங்கும், ஃப்ரேம் ஒழுங்காகக் காய்ந்ததா என்பதெல்லாம் கடைக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்க்கிறவருக்குத் தெரியாது. அவர் உன்னை நம்பிப் பணம் கொடுக்கிறார், நீ ஃபேக்டரியை நம்பப் போகிறாய். அதனால் ரேட்டைக் கேட்கும் முன்னால், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாதியைத் திறந்து காட்ட அவர்கள் தயாரா என்று பார்.

முதலில் எதில் செய்யப் போகிறாய் என்று முடிவு பண்ணு. அசிடேட் ஷீட்டை வெட்டிச் செய்வது ஒரு தொழில், டைட்டானியத்தை வளைத்துப் பற்றவைப்பது இன்னொரு தொழில், டி.ஆர்.90 மாதிரி நைலானை மோல்டில் ஊற்றுவது மூன்றாவது. மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே நன்றாகச் செய்கிறவர்கள் குறைவு. “எல்லாம் செய்வோம்” என்று சொல்கிறவர் பெரும்பாலும் டிரேடிங் கம்பெனியாக இருப்பார், இல்லையென்றால் பாதி வேலையை வெளியே கொடுத்து வாங்குகிறவராக இருப்பார். அது குற்றமில்லை. ஆனால் யார் கையால் உன் சரக்கு தயாராகிறது என்று உனக்குத் தெரிந்தாகணும்.

ஊர் பற்றிக் கேட்டாயே, சொல்கிறேன். இத்தாலியில் கடோரே பள்ளத்தாக்கில் 1878-இலிருந்து இந்தத் தொழில் நடக்கிறது. லக்ஸாட்டிகா என்ற கண்ணாடிக் கம்பெனி 1961-இல் தொடங்கிய அகோர்தோவும் அதே பெல்லூனோ மாகாணத்தில்தான். ஜப்பானில் சபாயே வட்டாரம். பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாத விவசாயிகளுக்கு ஒரு பிழைப்பு வேண்டும் என்று மசுனாகா கொசாயெமோன் 1905-இல் ஒசாகாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்துக் கற்றுக்கொடுக்க வைத்தார். இன்று ஜப்பானில் தயாராகும் ஃப்ரேம்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. டைட்டானியம் என்றால் நான் அங்கேதான் போவேன், ஆனால் ஆர்டரைக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கணும். சீனாவில் ஷென்ழென், வென்ழோ, ஷியாமென் பக்கம் ஃப்ரேமும் கூலிங் கிளாஸும், டான்யாங்கில் லென்ஸும். முதல் வருஷம் சின்ன அளவில் அசிடேட் செய்வதானால் உனக்கு ஷென்ழெனில் ஒரு நல்ல ஃபேக்டரி போதும், அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. “மேட் இன் இத்தாலி” முத்திரைக்காக மட்டும் இத்தாலிக்குப் போகாதே. போனால், வெட்டுவது எங்கே, பாலிஷ் எங்கே, லென்ஸ் மாட்டுவது எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேள்.

அசிடேட் ஃபேக்டரிக்குள் போனதும் டிரம் ஓடும் அறையைக் காட்டச் சொல். மரத்துண்டும் பாலிஷ் பசையும் போட்ட டிரம்மில் ஃப்ரேம்கள் நாள்கணக்கில் உருளணும். அவசரக்காரர்கள் நேரத்தைக் குறைப்பது இங்கேதான். அப்படிக் குறைத்த ஃப்ரேமில் மூக்கு வளைவின் உள்பக்கம் விரலை வைத்தால் சொரசொரப்பு தெரியும். ஷீட்டையும் வெட்டும் முன் போதுமான நாள் காயவிடணும், இல்லாவிட்டால் பின்னால் சுருங்கிக் கோணும். ஷீட் மாட்ஸுக்கெல்லி என்று சொன்னால் (1849-இலிருந்து இருக்கும் இத்தாலியக் கம்பெனி), வாங்கின பில்லைக் காட்டச் சொல். நல்ல ஃபேக்டரி அதற்கெல்லாம் முகம் சுளிக்காது.

கையில் எடுத்ததும் காதுத் தண்டு இரண்டையும் விரித்து, ஃப்ரேமைத் தலைகீழாக மேஜைமேல் வை. ஆடாமல் நிற்கணும். தண்டு முன்பக்கத்தோடு சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினால் இடறக் கூடாது. தண்டை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே போகும் கம்பி நேராக நடுவில் ஓடணும். கீலை மூடித் திறக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே இறுக்கம் இருக்கணும். மெட்டல் ஃப்ரேம் என்றால் நிக்கல் கசிவு டெஸ்ட் கட்டாயம். ஐரோப்பாவில் தோலில் படும் பொருளுக்கு வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம்தான் வரம்பு. மூக்கில் அரிப்பு வந்த கஸ்டமர் திரும்பி வரமாட்டார்.

இனி லென்ஸ். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசுவேன். நிறத்துக்கும் புற ஊதாத் தடுப்புக்கும் சம்பந்தமே இல்லை. கறுப்பாக இருந்து கதிரைத் தடுக்காத லென்ஸ், வெறுங்கண்ணைவிட மோசம். இருட்டில் கருவிழியின் பாப்பா விரியும், விரிந்த வழியாகக் கதிர் கூடுதலாக உள்ளே போகும். பிராண்டு பெயரைப் போட்டு அப்படி ஒன்றை விற்பதைவிடத் தொழிலையே விட்டுவிடலாம். யு.வி.400 என்று ஸ்டிக்கர் ஒட்டினால் போதாது. 400 நானோமீட்டர் வரை தடுக்கிறது என்று லேப் சொல்லணும். ஐரோப்பாவுக்கு ஐ.எஸ்.ஓ. 12312-1, அமெரிக்காவுக்கு ஏ.என்.எஸ்.ஐ. இசட் 80.3. அமெரிக்காவில் உடையாத் தன்மைக்கு எட்டில் ஐந்து அங்குல, அதாவது 16 மில்லிமீட்டர் இரும்புக் குண்டை 50 அங்குல உயரத்திலிருந்து லென்ஸ்மேல் போட்டும் பார்ப்பார்கள். வெளிச்சம் எவ்வளவு விடுகிறது என்பதற்கு 0 முதல் 4 வரை வகை உண்டு. வெயிலில் சாதாரணமாகப் போடுவது 3, அதாவது 8 முதல் 18 சதவீதம். 4-ஆம் வகையைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, அதைப் பெட்டியிலேயே எழுதணும்.

ஃபேக்டரிக்காரர் டெஸ்ட் ரிப்போர்ட் என்று ஒரு பி.டி.எஃப். அனுப்புவார். அதில் மாடல் நம்பர் உன்னுடையதா, லென்ஸ் அதுவேதானா, தேதி என்ன என்று பார். அந்த லேபுக்கே எழுதி உறுதி செய். பிறகு உன் சரக்கிலிருந்து நீயே ஜோடிகளை எடுத்து உன் செலவில் அனுப்பு.

இன்னொன்று, பலர் சொல்லமாட்டார்கள். அசிடேட்டில் மிருதுத்தன்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் பாலிகார்பனேட் லென்ஸுக்கு ஆகாது. நாளாக ஆக லென்ஸ் விளிம்பில் மயிரிழை விரிசல் விழும். அசிடேட் ஃப்ரேமுக்கு சி.ஆர்.39 அல்லது நைலான் லென்ஸ் கேள். “இந்த ஃப்ரேமுக்கு எந்த லென்ஸ், ஏன்?” என்று நீ கேட்கும்போது எதிரில் இருப்பவர் இந்த விஷயத்தைத் தானாகச் சொன்னால், அவரிடம் தொழில் இருக்கிறது. “எது வேண்டுமானாலும் போடலாம்” என்றால் எழுந்து வந்துவிடு. போலராய்ஸ்டு என்றால் இரண்டு ஜோடியை ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றாகப் பிடி, லென்ஸ் கறுக்கணும். வலதும் இடதும் ஒரே சாய்வில் கறுக்காவிட்டால் தலைவலி நிச்சயம்.

சாம்பிள் அழகாக வந்தது என்று மயங்காதே. பெண் பார்க்க வந்த அன்று போட்ட கேசரியை வைத்து அந்த வீட்டுச் சமையலை முடிவு பண்ண முடியாது. சாம்பிளைச் செய்வது அங்குள்ள ஆகக் கெட்டிக்காரக் கை, லாட்டைச் செய்வது லைன். அதனால் ஓகே சொன்ன சாம்பிளில் இரண்டை சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டு, ஒன்றை நீ வைத்துக்கொள், ஒன்று அவர்களிடம். மீதிப் பணத்தைக் கட்டும் முன்னால் மூன்றாம் ஆளை அனுப்பிச் சரக்கை அந்த சாம்பிளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல். முப்பது சதவீதம் அட்வான்ஸ், மீதி கப்பலேறும் முன் என்பது இந்தத் தொழிலில் வழக்கம். முழுப் பணத்தையும் முன்னால் கேட்டால் வேண்டாம். சீனப் புத்தாண்டுக்கு ஒட்டி டெலிவரி தேதி வைக்காதே. லீவு முடிந்து பழைய ஆட்கள் திரும்பாத லைனில் முதல் லாட்டு தடுமாறும்.

மிலானில் மிடோ, பாரிஸில் சில்மோ, ஹாங்காங் ஆப்டிகல் ஃபேர், இதில் ஒன்றுக்காவது போய்வா. நாலைந்து ஃபேக்டரியின் கீலை ஒரே நாளில் திறந்து மூடிப் பார்த்தால் வித்தியாசம் விரலுக்கே தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரியை விட்டுவிடாதே. நீ காசு கொடுத்துச் செய்த மோல்டும் டிராயிங்கும் உன்னுடையவை, அதே டிசைனை வேறு பெயரில் விற்கக் கூடாது. அடுத்தது, ஒவ்வொரு லாட்டோடும் திருகு, மூக்குத் தாங்கி, காதுத் தண்டு, லென்ஸ் என்று ஸ்பேர் தனிப் பெட்டியில் வரணும், எந்த மாடலுக்கு எத்தனை என்று எண்ணிக்கை எழுதி. ஒரு மாடலை நிறுத்தினாலும் அதன் ஸ்பேரை எத்தனை வருஷம் தருவார்கள் என்பதையும் இப்போதே எழுதி வாங்கிவிடு. அதை ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் கேட்டால்தான் கிடைக்கும்.